சோற்றுக்கு இரண்டு சொல்

1981, ஜனவரி 12, திங்கள்

கட்சிக்கு ஆபீஸ் கிடைத்துவிட்டது என்றார்கள். போய்ப் பார்த்தால், ஜொங்னோ தெருவில் ஒரு தேநீர்க்கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் மூன்று மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு கரியடுப்பு. உள்ளறை தலைவருக்கு, அங்கும் ஒரு சின்ன அடுப்பு. இடையில் இருப்பது சுவர் இல்லை, பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் காகிதம் அசைகிறது.

மா தே-சிக் ஏணியில் ஏறிப் பெயர்ப்பலகையை மாட்டினார். இன்ச்சன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சங்கம் நடத்தியவர். இப்போது எங்கள் அமைப்புச் செயலாளர். வேறு யாருடையதோ என்று தோன்றும் அளவுக்குப் பெரிய கோட்.

"மிஸ் யூன், நேரா இருக்கா?"

"இடது பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு."

"மெதுவாச் சொல்லுங்க. கட்சி இடது பக்கம் சாய்ஞ்சதுன்னு கீழே ஒருத்தன் எழுதிக்கப் போறான்."

கீழே உண்மையாகவே ஒருத்தன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மஃப்டி போலீஸாம். பெயர் கில்.

போன வருடம் ஜெனரல்கள் எல்லாக் கட்சிகளையும் கலைத்தார்கள். பழைய அரசியல்வாதிகள் பெரும்பாலோருக்குத் தடை. இப்போது மார்ச்சில் தேர்தல், வேண்டியவர்கள் கட்சி தொடங்கலாம் என்கிறார்கள். எங்களுடையது நேர்வழிக் கட்சி. தலைவர் ஓக் முன்னாள் எம்.பி., அறுபத்துமூன்று வயது. உடம்பு சரியில்லாமல் ஒதுங்கியிருந்ததால் தடைப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லையாம். நல்லவேளை.

ஜனவரி 19, திங்கள்

எனக்குத் தட்டச்சு வேலை, அறிக்கைகளுக்கு வாக்கியம் திருத்தும் வேலை, அடுப்புக்குக் கரிக்கட்டி மாற்றும் வேலை. மூன்றாவதற்குத்தான் திறமை வேண்டியிருக்கிறது. பாதி எரிந்த கட்டியின் துளைகளோடு புதிய கட்டியின் துளைகள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அணைந்துவிடும், அல்லது புகையில்லாத புகை வரும். மணமே இல்லாத புகை அது. இந்த ஊரில் ஒவ்வொரு குளிர்காலமும் அதில் குடும்பங்கள் உறக்கத்திலேயே போகின்றன.

மதியம் பொதுச்செயலாளர் பியோ "சகுரா" பற்றிப் பேச்செடுத்தார். எதிர்க்கட்சிக்குள் அரசாங்கம் நட்டுவைக்கும் ஆளுக்கு அந்தப் பெயர்.

"ஐந்து பேர் இருக்கிற எதிர்க்கட்சியில ஆறு சகுரா இருப்பான்," என்றார்.

"ஏன் செர்ரிப் பூவோட பேரு தெரியுமா?" என்றார் மா. "குதிரைக்கறி அந்தப் பூ மாதிரியே இளஞ்சிவப்பா இருக்கும். ஜப்பான்காரன் காலத்துல அதை மாட்டுக்கறின்னு விப்பாங்க. தின்னு முடிச்சப்புறம்தான் கனைப்பு வரும்."

எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவரை ஒருவர் ஒருமுறை பார்த்துக்கொண்டோம். நான் மூன்று முகங்களையும் பார்த்தேன். அவர்களும் என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

கில் தேநீர்க்கடையில் ஜன்னலோர மேசையிலேயே குடியிருக்கிறான். முப்பத்தைந்து வயது இருக்கும். யாராக இருந்தாலும் "நீ"தான். தலைவரைப் பார்த்துப் படிக்கட்டில் நின்றபடி, "ஓய் ஓக், இன்னைக்கு எத்தனை பேர் வந்தான் உன் கட்சிக்கு?" என்கிறான். அப்பா வயது மனிதரிடம். தலைவர் தொப்பியை எடுத்து, "நீங்களே எண்ணியிருப்பீங்களே," என்றார். எனக்கு முகம் சுட்டது.

கடைக்கார ஜூ அக்கா சொன்னாள்: "அவன் தென்கிழக்கு மலைப் பக்கம். அந்த ஊர்ல மரியாதையைத் தாய்ப்பாலோட ஊட்டுவாங்க. அவன் அம்மா போன்ல வந்தா எழுந்து நின்னுதான் பேசுவான். மத்தவங்களுக்குத்தான் இந்த நாய்வாய்."

மா மட்டும் அவனோடு சிகரெட் பகிர்ந்துகொள்கிறார். இன்று இருவரும் எதற்கோ சிரித்தார்கள். நான் ஏறி வந்ததும் மா சிரிப்பை நிறுத்தினார். இதைக் குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

மா என்னை ஒரு சந்துக்குள் அழைத்துப் போனார். காலணிக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம். தேர்தல் துண்டறிக்கைக்கு மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஜெனரல்கள் வேட்பாளர்களை எப்படி மிரட்டுகிறார்கள் என்று அதில் பெயர் சொல்லாமல் எழுதியிருக்கிறது. என் வாக்கியங்கள். அச்சில் பார்க்கும்போது வேறு யாரோ துணிச்சலாக எழுதியது போல இருந்தது.

"இந்த இடம் யாருக்கும் தெரிய வேண்டாம்," என்றார் மா. "தலைவருக்கும்தான். தெரியாம இருக்கிறது அவருக்கே நல்லது."

தலைவருக்கே தெரியக்கூடாத அச்சகம் கட்சிக்கு எதற்கு?

சாயங்காலம் தலைவர் உள்ளே கூப்பிட்டார். போன வாரம் தந்த கவிதைத் தொகுப்பைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு கவிதையை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டார், நான் சொன்னதை மறுக்காமல் கேட்டுக்கொண்டார். அப்பா போன பிறகு என்னிடம் இப்படிக் காது கொடுத்துப் பேசியவர்கள் இல்லை. "ஹே-ரன், இந்த அறையில் எனக்கு நிம்மதியாகப் பேச நீ ஒருத்திதான்," என்றார். மா பற்றி என் கவலையைச் சொன்னேன். சொல்லாமல் இருப்பது சரியாகப்படவில்லை.

பிப்ரவரி 4, புதன்

அச்சகத்தைப் போலீஸ் சுற்றிவளைத்து, துண்டறிக்கை முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. என்னைத் தவிர, இடம் மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி 5, வியாழன்

சந்திர வருடப் பிறப்பு. அரசாங்கம் விடுமுறை தரவில்லை. ஆனாலும் தெருவில் எல்லோரும் புதுச்சட்டைக்குமேல் பழைய கோட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள்போல நடந்தார்கள். ஒரு நாடே ஒன்றும் நடக்கவில்லை என்று பாவனை செய்வது வேடிக்கை. ஜூ அக்கா அரிசிப் பணியார சூப் அனுப்பினாள். மா இரண்டு கிண்ணம் குடித்தார். குற்ற உணர்ச்சி உள்ளவர்களுக்குப் பசி இருக்காது என்று எங்கோ படித்தது பொய்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் மா என் மேசை அருகே வந்து, கூரையைப் பார்த்தபடி, "மிஸ் யூன், பெண்களுக்கான குளிர்கால உள்ளாடை ஒரு செட் வேணும். உங்க அளவுதான்," என்றார்.

நான் தட்டச்சை நிறுத்தினேன்.

"எனக்கில்ல."

"அது தெரியும்."

"கடைல நான் போய் நின்னா, போலீஸ் வரவேண்டியதில்ல. கடைக்காரியே அடிப்பா."

வாங்கினேன். சிவப்பு நிறம்தான் இருந்தது. பிறகு, "நீங்களே கொண்டுவந்து கொடுத்தா நல்லது. தனியா ஒரு ஆம்பளை அங்க அடிக்கடி போறது கண்ணுல படுது," என்று ரயிலில் இன்ச்சனுக்கு அழைத்துப் போனார். துறைமுகத்துக்கு மேலே ஒரு சர்ச். அதன் பாலர் வகுப்பறையில், காகிதப் பறவைகள் தொங்கும் இடத்தில், ஒரு பெண் சின்ன நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து சக்கரைவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தாள்.

போங்-நிம். பெயரைப் போலீஸ் நிலையச் சுவரொட்டியில் பார்த்திருக்கிறேன். ஆடைத் தொழிற்சாலையில் சங்கம் கட்டியவள். எனக்கு இரண்டு வயது இளையவள். போன தடவை பிடிபட்டபோது வலது கையில் இரண்டு நகங்கள் போயின. அவை வளைந்து முளைத்திருக்கின்றன. இந்தத் தடவை பிடித்தால் வெளியே விடமாட்டார்கள் என்று மா ரயிலிலேயே சொல்லியிருந்தார். மார்ச்சில் இன்ச்சன் கூட்டத்தில் அவள் மேடையேறி எங்கள் கட்சிக்காகப் பேசப்போகிறாளாம்.

"அக்கா, நீங்க டைப் அடிக்கிறவங்களா? என் தையல் மெஷினும் அதே சத்தம்தான். ஆனா நீங்க அடிச்சா வார்த்தை வருது. நான் அடிச்சா அமெரிக்காக்காரனுக்குக் கால்சட்டை வருது."

சிவப்பு உள்ளாடையைப் பிரித்துப் பார்த்து, "இதைப் போட்டுக்கிட்டு ஓடினா டவுன் முழுக்கத் தெரியுமே," என்று அவ்வளவு சிரித்தாள். மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கவனித்தேன். நடிப்பாக இருந்தால் மிக நல்ல நடிப்பு. இவளை இங்கே கொண்டுவந்து மேடையேற்றினால், பிடிப்பவர்களுக்கு எவ்வளவு வசதி என்பதையும் யோசித்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பனி. தலைவருடன் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்தே ஏதோ பாரம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். இப்போது மனம் லேசாக இருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

நேற்று ஞாயிறு ஆராதனைக்கு நடுவில் சர்ச்சில் போலீஸ் நுழைந்தது. பாதிரியாரைக் கொண்டுபோய்விட்டார்கள். போங்-நிம் சமையலறைப் பின்கதவு வழியாகத் தப்பிவிட்டாள். மூன்று பெண்கள் பாட்டுக் குழு அங்கியோடு கதவை மறித்து நின்று பாடிக்கொண்டே இருந்தார்களாம். படுக்கை இன்னும் சூடாக இருந்ததாம். செருப்பில்லாமல் ஓடியிருக்கிறாள்.

அந்த இடம் தெரிந்தவர்கள் மா, பாதிரியார், நான். பாதிரியார் கைதி. நான் போலீஸோடு ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. மிச்சம் யார்?

பிப்ரவரி 20, வெள்ளி

செயற்குழு. நான் குறிப்பெடுத்தேன்.

பியோ எழுந்து, "அச்சகம் தெரிஞ்சது உனக்கு. சர்ச் தெரிஞ்சது உனக்கு. கில்லோட சிகரெட் குடிக்கிறது நீ. நாங்க என்ன நினைக்கணும்?" என்றார்.

"சிகரெட் குடிச்சா அவன் நாலு வார்த்தை உளறுவான்யா. அதுக்குத்தான்."

"என்ன உளறினான்?"

"மேலிடம் இவ்வளவு சம்பளம் தர்றதுக்கு, மேலே இருக்கிறவங்க வேலை செய்யட்டும், நான் ஏன் ஜன்னலோரம் உட்காரணும்னு புலம்பினான். மேலேன்னா எதுன்னு நான் கேட்கல. கேட்டிருக்கணும்."

பியோ மேசையைத் தட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. "தே-சிக், கட்சியைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது," என்றார். தீர்மானம்: ஒழுங்கு நடவடிக்கையாக மா தே-சிக் நீக்கம். காரணம் என்ற இடத்தில் பியோ என்னை "ஆளும் தரப்புடன் தொடர்பு" என்று எழுதச் சொன்னார். நாளைக்கே ஊர் முழுக்க அது சகுரா என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும்.

போகும்போது மா என் பக்கம் திரும்பினார். சர்ச் எனக்கும் தெரியும் என்பதை அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "மிஸ் யூன், ஒண்ணு எழுதிக்கோங்க. மா தே-சிக் சிரித்தான்," என்றார். அவ்வளவுதான்.

சிரிக்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

துறைமுகத்தில் யாரையோ திட்டினார் என்று மாவைப் பிடித்து, சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் விட்டதே அத்தாட்சி என்கிறார் பியோ. அவர் சொல்வது சரிதான். கரிக்கட்டி விலை ஏறிவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

காலையில் நான் போனபோது தலைவரின் செருப்பு வாசலில் இருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் திறந்தால் அவர் தரையில் கிடந்தார். அடுப்பில் கட்டிகள் துளை பொருந்தாமல் கோணலாக இருந்தன. அவரே மாற்றியிருக்கிறார்.

நான் போட்ட கத்தலுக்கு முதலில் ஓடி வந்தவன் கில். இதுவரை ஒருநாளும் எங்கள் வாசற்படி தாண்டாதவன். தலைவரை அள்ளிக் கொண்டுவந்து நடையில் ஜன்னலடியில் கிடத்தினான். ஜூ அக்கா முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயின் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்தாள். கரிப்புகைக்கு வேறு மருந்து இங்கே யாருக்கும் தெரியாது. கில் மண்டியிட்டு அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வாயில் ஊற்றினான்.

"ஐயா, கண்ணைத் திறங்க. ஐயா. காலைல ஜின்ஜி எடுத்துக்கிட்டீங்களா? வெறும் வயிறா?"

தலைவர் கண்ணைப் பாதி திறந்தார். நாக்குக் குழறியது. ஆனால் சொற்கள் தெளிவாகவே கேட்டன.

"மேல வராதேன்னு உனக்கு எத்தனை தடவைடா சொல்றது."

"மன்னிச்சிடுங்க," என்றான் கில்.

அப்புறம்தான் இருவரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். கில் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டான். "ஓய் ஓக், இங்க செத்துவச்சுடாதே. ரிப்போர்ட் எழுதி என் கை ஒடியும்," என்று சொல்லி இறங்கிப் போனான்.

மாலையில் தலைவர் கேட்டார்: "மயக்கத்தில் ஏதாவது உளறினேனா, ஹே-ரன்?"

"அம்மான்னு முனகினீங்க, ஐயா."

மார்ச் 14, சனி

சோற்றுக்கு நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது. பாப் எல்லோரும் தின்பது. ஜின்ஜி பெரியவர்கள் உண்பது. தகப்பனிடம், மாமனாரிடம், மேலதிகாரியிடம் மட்டும் வாயில் வரும். சந்தேகக் கைதியிடம் வராது. கண்காணிக்கப்படும் கிழவனிடம் வராது.

பயத்தில் யாரும் மரியாதையாகப் பேசுவார்கள் என்று நேற்று இரவு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாகப்போகிற மனிதனை ஐயா என்பது பழக்கம். சரி. ஆனால் அந்தப் பதில்? தினமும் தன்னை ஓய் என்று கூப்பிடுகிறவனை ஒருவர் மயக்கத்தில் வாடா போடா என்பாரா? நடிப்பை மறக்கும் அளவுக்கு மயக்கம் வந்தவருக்கு மிச்சம் இருந்தது உண்மையான வழக்கம் மட்டும்தான்.

அப்படியானால் அச்சகம். அப்படியானால் சர்ச்.

இன்று இதற்குமேல் எழுதவில்லை.

மார்ச் 16, திங்கள்

தேர்தலுக்கு முன் செயற்குழுவைக் கூட்டி மாவின் நீக்கத்தை ரத்து செய்ய வேண்டும் என்று பியோவிடம் சொன்னேன். தேநீர்க்கடையில் வேண்டாம் என்று பேருந்து நிறுத்தம் வரை நடத்திக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"ஒரு வார்த்தையை வச்சா? ஜின்ஜின்னு சொன்னான்னா?"

"தலைவர் சொன்ன பதிலும் இருக்கு."

அவர் நின்று என்னைப் பார்த்தார். "சரி, தலைவர்தான்னு வச்சுக்குவோம். மா அவர்கிட்ட அந்த சர்ச்சைச் சொல்லல. பாதிரியார் சொல்லல. பின்ன தலைவருக்கு எப்படித் தெரியும்?"

பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை, என் முகத்தையே படித்துக்கொண்டிருந்தார்.

"நீயும் அங்க போயிருக்கேன்னு எனக்கு இப்பதான் தெரியுது. அன்னைக்கு மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ மாட்டியிருப்பே. ஏன் சொல்லல அந்த முட்டாள்?"

அடுத்த பேருந்தில் நான் ஏறிக்கொண்டேன். கூட்டம் அதிகம். ஒரு பெண் என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

மார்ச் 18, புதன்

பியோ என்னோடு பேசுவதில்லை. தன் மேசை இழுப்பறைக்குப் பூட்டு வாங்கியிருக்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

இன்ச்சன் துறைமுகத்தில் மாவைக் கண்டுபிடிக்க விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. எலும்புச் சூப் கடையில் நீளமான பெஞ்சில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கிண்ணத்தைக் கையில் பிடித்து நின்றுகொண்டே குடித்தார்கள்.

"உட்காருங்க," என்றார். "இடம் தாராளமா இருக்கு. சகுராவா இருக்கிறதுல அது ஒரு வசதி."

நின்றவர்களில் ஒருவன், "குதிரைக்குத் துணைக்கு ஜோடி வந்தாச்சு," என்றான். யாரோ கனைத்துக் காட்டினார்கள். இருபது வருடம் அவரோடு மூட்டை தூக்கியவர்கள்.

"நீங்களா வந்தீங்களா, அனுப்பி வந்தீங்களா?"

"நானா வந்தேன்."

"அனுப்பினவங்களும் அப்படித்தான் சொல்வாங்க." சூப்பில் சோற்றைக் கொட்டிக் கலக்கினார்.

மார்ச் பதின்மூன்று காலையில் நடந்ததைச் சொன்னேன். ஜின்ஜி என்ற இடத்தில் அவர் கரண்டி நின்றது. மெதுவாகத் தலையாட்டினார். "கில் பாவம். அம்மா நல்லா வளர்த்துட்டா." நான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினேன். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு ஒரு வினைச்சொல் கிடைக்கவில்லை.

"வேண்டாம்," என்றார் மா. "யாருகிட்ட சொன்னீங்கன்னு நான் கேக்கல. எனக்கு அன்னைக்கே தெரியும். இனிமே யாருகிட்ட சொல்லப் போறீங்க? அதைச் சொல்லுங்க."

"யாருகிட்டயும் இல்ல."

"தலைவர் புத்தகம் கொடுத்தா?"

"படிச்சுட்டுத் திருப்பிக் கொடுப்பேன்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். இரண்டு மாதமாக நான் அவரைப் பார்த்த அதே பார்வை. அது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

"இங்க எல்லா வீட்டையும் சோதனை போட்டுட்டாங்க. என் ஆளுங்க யாரும் இப்ப என்னை நம்பி அவளுக்கு ஒரு கதவு திறக்க மாட்டாங்க. உங்க ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?"

"பின்பக்கம். மதில் மட்டும்தான் தெரியும்."

"வீட்டுக்காரம்மா?"

"காது மந்தம்னு சொல்லிக்குவாங்க. நல்லாக் கேக்கும்."

"அது போதும்," என்றார்.

மார்ச் 26, வியாழன்

நேற்றுத் தேர்தல். எங்களுக்கு ஓர் இடமும் இல்லை. சட்டப்படி இடமும் இல்லாமல், போதுமான வாக்கும் இல்லாமல் போகும் கட்சியின் பதிவு தானாக ரத்தாகும். பியோவும் நானும் பெயர்ப்பலகையை இறக்கினோம். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மாவை நீக்கிய தீர்மானத்தை ரத்து செய்ய இனி ஒரு செயற்குழு இல்லை. கட்சி செத்துவிட்டது. அது சொன்ன சொல் மட்டும் உயிரோடு இருக்கும்.

மார்ச் 29, ஞாயிறு

நாட்குறிப்பு என்பது தனக்குத்தானே பேசுவது என்று நினைத்திருந்தேன். எழுதினால் அது பேசுவதே இல்லை, யார் கையிலாவது கிடைக்க வைத்துவிட்டுப் போவது. இனி இதில் வீட்டு வேலைகளை மட்டும் எழுதுவதாக இருக்கிறேன்.

அரிசி வாங்கினேன். கானாங்கெளுத்தி மீன் இரண்டு.

ஏப்ரல் 2, வியாழன்

அரிசி சீக்கிரம் தீர்ந்துபோகிறது. வசந்த காலத்தில் பசி அதிகம்.

வீட்டுக்காரம்மா கேட்டாள்: "உன் அறையில பேச்சுக்குரல் கேக்குதே."

"சத்தமா வாசிக்கிறது என் பழக்கம்."

"சிரிப்பும் கேக்குது."

"நகைச்சுவைக் கதை, அம்மா."

"ராத்திரி தூங்குற நேரத்துல அழுகையும் கேட்டுச்சு."

"அது கதையோட இரண்டாம் பாகம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெரிய கிண்ணம் கிம்ச்சி கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள். ஒருத்தி தின்னக்கூடிய அளவு இல்லை அது.

ஏப்ரல் 6, திங்கள்

அதே இரண்டு அறைகளில் தலைவர் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்குகிறார். கோடையில் புதுக் கட்சியும் வரலாமாம். என்னை இருக்கச் சொன்னார். சரி என்றேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

"அந்த இன்ச்சன் பெண், பாவம், என்ன ஆனாளோ," என்றார். "காதில் ஏதாவது விழுந்ததா?"

நான் கதவைச் சாத்தினேன். குரலைத் தாழ்த்தினேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். புசானில் மீன் பதப்படுத்தும் கொட்டகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக மாவின் பழைய ஆட்கள் பேசிக்கொண்டார்கள் என்றேன்.

"பாவம்," என்றார் தலைவர் மறுபடி. எனக்கு ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 9, வியாழன்

கில்லின் ஜன்னலோர மேசை காலி. ஜூ அக்கா சொன்னாள்: "புசானுக்காம். திடீர்னு. காய்ந்த கடற்பாசி வாங்கிட்டு வரேன்னான். எதுக்குன்னு கேட்டா, மீன் நாத்தம் பிடிக்கத்தான்னு எரிஞ்சு விழுறான்."

இங்கே நாள் முழுக்கக் கீழே யாரும் இல்லை. எங்கள் தெருமுனையிலும் இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

வெயில். என் பழைய குளிர்கோட்டையும் நல்ல செருப்பையும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அதிகாலையில் நடந்துவிட்டு வந்தேன். துணி துவைத்தேன். சிவப்புத் துணி சாயம் விட்டு என் வெள்ளைச் சட்டையும் இளஞ்சிவப்பாகிவிட்டது. போட்டுக்கொள்ளலாம்.

ஏப்ரல் 15, புதன்

கில் திரும்பிவிட்டான். முகம் வெயிலில் கருத்திருக்கிறது. நான் படியேறும்போது ஓய் என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

சிறிது நேரத்தில் உள்ளறையிலிருந்து தலைவர் கூப்பிட்டார். மேசைமேல் புத்தகம் எதுவும் இல்லை.

"உட்காருங்க, மிஸ் யூன்," என்றார்.

ஹே-ரன் இல்லை, நீ இல்லை. இந்த மூன்று மாதத்தில் முதல்முறை.

"புசான் செய்தியை யார் சொன்னது, உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

"சூப் கடையில் நின்றுகொண்டு பேசினார்கள், ஐயா. முகம் பார்க்கவில்லை."

"நாளை ஒரு நண்பர் வந்து உங்களைச் சந்திப்பார். அவரிடம் இதையே சொல்லுங்க."

"சரிங்க, ஐயா," என்றேன். தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டேன். அறை பெரிதாகத் தெரிகிறது. பின்ஜன்னலைத் திறந்துவைத்தேன். நாளை வருபவருக்காக முடியைக் கழுவிக் காயவைத்தேன். ஒருத்திக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பது கைக்கு மறந்துவிட்டது. சோறு குழைந்துபோயிற்று. முழுவதையும் சாப்பிட்டேன்.